வேண்டிக்கொண்டவர் யார், சுமந்தவர் யார்

தம்பி,

இதில் எழுதப்போவது எல்லாம் உண்மை. எனக்குச் சாதகமாக ஒன்றையும் மாற்றாமல், நடந்ததை நடந்தபடியே பதிவு செய்யப்போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, சுகந்தி மேல உங்களுக்கு என்ன கோவம்? மனசார சரின்னு நீங்க சொல்லாம சனிக்கிழம கல்யாணப் பதிவுல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாய். நான் மீன் கழுவிக்கொண்டே, "எனக்கு என்ன கோவம்? போ, போய் குளி" என்றேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிலை இப்போது பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஓரமெல்லாம் துளை போட்ட பிரிண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள். நீ வர இன்னும் நேரம் இருக்கிறது.

நான் ஏன் இந்த வகுப்புக்கு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்திருப்பாய். கிள்ளான் பக்கம் மேருவில் எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டைதோறும் அதை விற்கிறவரின் பெயர், முகவரி, டெலிபோன் எல்லாம் எழுதியிருக்கும். சாலாக் செலாத்தானில் இருந்த ஒரு கடைக்காரர் இடம் மாறினார். அவர் பெயர் உள்ள அட்டைகளை எல்லாம் தேடித் தேடித் திருத்தினேன். ஒன்று தப்பிவிட்டது. லோரி ஓட்டும் முத்து அந்த ஒற்றை அட்டையைப் பார்த்துப் பழைய இடத்துக்குப் போய்த் திரும்பி வந்து, எல்லோரும் கேட்கும்படி, "யக்கா, அங்க இப்ப கோழி வெட்டுறாங்கக்கா! ஃபேன் பெல்ட் வேணும்னா கோழியத் தூக்கிக் காட்டுறான்லா!" என்றான். ஸ்டோரே சிரித்தது. அதற்கப்புறம் எங்கே ஃபேன் பெல்ட் என்றாலும் யாராவது கொக்கரிப்பார்கள். ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, அதைப் படித்தவர்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றுவோம் என்று மேனேஜர் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

சேவியர் சார் முதல் சில வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. "பேப்பர எடுங்க. பெட்டி போடுங்க. உங்க வேலையில யார் யாரு இருக்காங்க, என்னென்ன இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெட்டி. அப்புறம் எது எதோட ஒட்டுதுன்னு கோடு போடுங்க" என்றார். கடைக்காரருக்கு ஒரு பெட்டி, பாகத்துக்கு ஒரு பெட்டி. முகவரி கடைக்காரர் பெட்டியில் ஒரே ஒரு தடவைதான். பாகம் தன் கடைக்காரர் யார் என்று ஓர் எண்ணால் சுட்டிக் காட்டினால் போதும். அவர் இடம் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும். இவ்வளவு நாள் என் கையை ஒடித்த வேலைக்கு இவ்வளவு எளிய மருந்து இருந்திருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று உன் மோட்டார் பின்னால் உட்கார்ந்து கிள்ளான் வரும்வரை உன் முதுகிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். முதுகு "ம்ம்" என்றது.

இது ஸ்டோருக்கு மட்டும் உரிய பாடம் என்று நினைக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் இருக்கப்போகும் செமினி வீட்டுக்கு எப்போது குடி போகிறாய் என்று கேட்டதற்கு என்னிடம் "தீபாவளி முடிஞ்சு" என்றாய். சுகந்தியிடம் "அடுத்த மாசம்" என்றாய். இரண்டு பேர் மனத்தையும் நோகடிக்கக்கூடாது என்று ஒரே செய்தியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதி வைக்கிறாய். ஒருநாள் யாராவது ஒருத்தி கோழிக்கடை வாசலில் போய் நிற்பாள். ஒரு விஷயத்தை ஓர் இடத்தில் வை. எனக்குப் பிடிக்காத செய்தியாக இருந்தாலும் சரி.

இனிப் பொறாமைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் எப்போதும் முதல் பெஞ்ச். பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, டீச்சர் கேட்பதற்கு முன்னால் கை தூக்குகிற பெண். ஃபாரம் ஃபைவ் முடித்த மறுவாரமே தொழிற்சாலைக்குப் போய்விட்டேன், பிறகு கல்யாணம், பிறகு நீ. அந்தப் பெண் செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்திருந்தேன். இந்த வகுப்பில் உட்கார்ந்ததும் மறுபடி கை தூக்கினாள். சேவியர் சார் என் தாளைத்தான் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். அந்தச் சமயத்தில் தாமதமாக வந்து சேர்ந்தாள் சுகந்தி.

அவளிடம் எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். அவளுடைய பென்சில் எப்போதும் கூராக இருக்கும். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவாள். அவளுடைய அப்பா ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். நான் ஒரு புத்தகத்துக்காகப் பள்ளி நூலகத்தில் வரிசையில் நின்றவள். அவளோ "அதா ஆன்டி? அப்பாட்ட இருக்கு, கொண்டு வரேன்" என்பாள், உப்பு புளி கடன் கொடுக்கிற மாதிரி. சேவியர் சார் கேள்வி கேட்டால் அவள் கை தூக்கவே மாட்டாள். அவராகவே "சுகந்தி?" என்பார். தூக்கிய என் கை அங்கேயே நிற்கும்.

உன்னை அவளுக்கு அறிமுகம் செய்ததும் நான்தான், அதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஒரு மழை நாளில் நீ வரத் தாமதமானது. எனக்குத் துணையாக அவள் படிக்கட்டில் நின்றாள். நீ நனைந்து வந்தாய். நான் என் குடையை அவளிடம் கொடுத்து, "இந்தப் பொண்ண பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வா தம்பி" என்றேன். பஸ் ஸ்டாப் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. நீ திரும்பி வர மழையே நின்றுவிட்டது. ஹெல்மெட் பட்டையை மாட்டு என்று எத்தனை வருடம் நான் கத்தியிருப்பேன்! அடுத்த வாரம் நீ பட்டை மாட்டி வந்தாய். "என்னா தம்பி புதுசா?" என்றேன். "சும்மாதான்" என்றாய். அவள் சொன்னாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பட்டையின் மேல்கூட எனக்குப் பொறாமை.

வகுப்பின் கடைசி வேலையாக, கிள்ளானில் நம் கோயிலுக்குத் தைப்பூச நேர்த்திகளைப் பதிவு செய்ய ஒரு டேட்டாபேஸ் வடிவமைக்கச் சொன்னார் சார். யார் பால்குடம், யார் காவடி, எந்த நேரம், எல்லாம். அவற்றில் நன்றாக வருவதைக் கோயிலே பயன்படுத்தும். கோயில் என்றால் எனக்குத் தெரியாததா? இதில் அவள் என்னைத் தாண்ட முடியாது என்று எனக்கு நிச்சயம். அதனால்தான் அன்று பெரிய மனசோடு இருந்தேன். கீழே ஒட்டுக்கடையில் இருவரும் மீ கோரேங் சாப்பிட்டோம். "எங்க வீட்டுல காவடி எடுக்குற பழக்கம் இல்ல ஆன்டி. ஏன் எடுக்குறாங்க?" என்று கேட்டாள். நான் உன் கதையைச் சொன்னேன். நீ கைக்குழந்தையாக மஞ்சள் காமாலையில் துவண்டு கிடந்தபோது, இவன் பிழைத்து ஆளானால் பால் காவடி எடுப்பான் என்று நான் வேண்டிக்கொண்டதை. வளர்ந்ததும் நீ முகம் சுளிக்காமல் எடுத்ததை. அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டுனது நீங்க, தூக்குனது அவரா?" என்றாள். "பின்ன? குழந்தை வேண்டிக்குமா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வகுப்பில் நான்தான் முதலில் என் வரைபடத்தைக் காட்டினேன். பக்தருக்கு ஒரு பெட்டி. அடையாள அட்டை எண், பெயர், அப்பா பெயர், என்ன நேர்த்தி, எந்த நேரம், எல்லாம் அழகாக அதற்குள். உதாரணத்துக்கு உன் பெயரையே எழுதியிருந்தேன். சார் "நீட்டா இருக்கு" என்றார். அடுத்து சுகந்தி. அவள் பலகையில் மூன்று பெட்டி போட்டாள். வேண்டிக்கொண்டவர், நேர்த்தி, செலுத்துகிறவர். "வேண்டுறவங்க ஒருத்தர், எடுக்குறவங்க இன்னொருத்தரா இருக்கலாம் சார். அம்மா வேண்டிக்குவாங்க, மகன் எடுப்பார். ஒரே பெட்டியில போட்டா அம்மா காணாம போயிடுவாங்க" என்றாள். சார் எழுந்து நின்றுவிட்டார்.

தம்பி, நான் என் தாளைப் பார்த்தேன். உன் பெயர் இருந்தது. உன் அப்பா பெயர் இருந்தது. காவடி இருந்தது. ஈரத் துணியோடு கோயில் தூணில் தலையை முட்டிக்கொண்டு உனக்காகக் கெஞ்சிய நான் அதில் எங்கேயும் இல்லை. என் வாழ்க்கையை நானே வரைந்து, அதில் என்னையே விட்டுவிட்டேன். காவடியே எடுக்காத வீட்டுப் பெண் என் மீ கோரேங்கைச் சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கண்டுபிடித்து ஒரு பெட்டியில் உட்காரவைத்தாள். நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். அந்த வரைபடம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எரிச்சல். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

அதே மாதம் நீ அவளைக் கல்யாணம் செய்ய விரும்புவதாகச் சொன்னாய். "அவ ரொம்ப கெட்டிக்காரிம்மா" என்றாய். வேறு எந்த வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அழகானவள், நல்லவள், அடக்கமானவள், எதையும் தாங்கியிருப்பேன். கெட்டிக்காரி என்பது இந்த வீட்டில் என்னுடைய பெயர். அன்றிலிருந்து அவள் என்னை ஆன்டி என்பதை விட்டு, அவர்கள் வழக்கப்படி "மாமி" என்றாள். நம் பக்கத்தில் அத்தை என்றுதான் சொல்வோம் என்று அதற்கும் மனதுக்குள் சண்டை போட்டேன். உன் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, நீ பரீட்சைக்குப் படிக்கிறியா, மாமியாராகப் படிக்கிறியா? ரெண்டாவதுல ஃபர்ஸ்ட் கிளாஸ்லா" என்றார். அவர் தட்டில் இருந்த மீன் துண்டை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் கல்யாண மண்டபத்தில் வைக்க உன் குழந்தைப் படங்களைத் தேடினேன். ஒரு படம் கையில் கிடைத்தது. கட்டாகக் கட்டிய கரும்பு, நடுவில் மஞ்சள் சேலையில் தொட்டில், உள்ளே நீ. முன் முனை உன் அப்பா தோளில், பின் முனை என் தோளில். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து நீ பிறந்ததற்காக உன் அப்பா வேண்டிக்கொண்டது. அவர் என்னைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்திருக்கிறாய். அவர் நிமிர்ந்து நடக்க நடக்கத் தொட்டில் சரிந்து சரிந்து என் பக்கம் வந்துவிட்டது. கோயிலைச் சுற்றி முடிப்பதற்குள் உன் முழு பாரமும் என் மேல். "கொஞ்சம் குனிஞ்சு நடங்களேன்" என்று நான் பின்னாலிருந்து கத்தியது உறுமி மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை. படத்தில் அவர் கம்பீரமாக இருக்கிறார், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்துவிட்டேன். ஒரு நேர்த்தி, சுமக்கிறவர்கள் இரண்டு பேர்! சுகந்தியின் வரைபடத்தில் ஒரு நேர்த்திக்கு ஒரே ஒருவர்தான் செலுத்த முடியும். கரும்புத் தொட்டில் எடுக்கிற எந்தத் தம்பதியையும் அதில் எழுத முடியாது. கணவனை எழுதினால் மனைவி காணாமல் போவாள், என் தாளில் நான் காணாமல் போன மாதிரியே. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? உன் அப்பாவுக்கு இரண்டு துண்டு மீன் வைத்தேன். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. கோயில் கமிட்டி ஆட்கள் வகுப்புக்கு வந்து பார்க்கப்போகும் நாளுக்காக அதை எடுத்து வைத்தேன். நீ அடுப்படி வாசலில் நின்று கேட்டபோதும் அது என் மடியில்தான் இருந்தது.

அந்த நாள் இன்றைக்கு. கமிட்டித் தலைவர் மாணிக்கம் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சுகந்தி திரையில் எல்லாவற்றையும் காட்டினாள். "எல்லா நேர்த்தியும் இதுல வருமாம்மா?" என்று அவர் கேட்டார். "எல்லாம் வரும் அங்கிள்" என்றாள். என் கை தானாகவே மேலே போனது. "கரும்புத் தொட்டில்?" என்றேன்.

"அது என்ன மாமி?" என்றாள்.

கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். "என்னம்மா, கரும்புத் தொட்டில் தெரியாதா? பிரிக்பீல்ட்ஸ்லதான வளந்த, லண்டன்லயா?" என்றார் ஒருவர். "நம்ம சனத்தோட பழகியிருந்தாத்தான தெரியும்" என்றார் இன்னொருவர். அவள் காது சிவந்தது. ஒரு நிமிடம் எனக்கு அது இனித்தது, தம்பி. அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு, "சிரிக்காதீங்கண்ணே, கோயில்லயே பொறந்து வளந்த எனக்கே இது இப்பத்தான் தோணுச்சு" என்று நான் சொன்னேன். எப்படி இரண்டு பேர் சுமப்பார்கள் என்று அவளுக்கு விளக்கினேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தன் வரைபடத்தையே பார்த்தாள். உதட்டைக் கடித்து, கூரான அந்தப் பென்சிலின் பின்புறத்தையும் கடித்து, யாரோ தன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன மாதிரி முறைத்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அவள் பலகையில் மூன்று பெட்டி போட்ட அன்று என் கழுத்துக்கு மேல் இருந்தது அதே முகம்தான். கமிட்டி ஆட்கள் காபி குடிக்கக் கீழே போனதும் சொன்னாள்: "ச்சே! இத நான் பாத்திருக்கணும். மாமி, உண்மைய சொல்லட்டா? எனக்கு உங்க மேல பொறாமையா இருக்கு."

இத்தனை மாதம் நான் மீனிலும் ஹெல்மெட் பட்டையிலும் ஒளித்து வைத்த சொல்லை அவள் மேசைமேல் வைத்துவிட்டாள். என் வாயிலிருந்து, "எனக்கும்தான்" என்று வந்தது.

"எதுக்கு மாமி?"

"எல்லாத்துக்கும். உங்கப்பா அலமாரியில இருந்து ஆரம்பிச்சு."

அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். "சரி, வாங்கலா, இப்பவே திருத்திருவோம். அவங்க காபி முடிக்கிறதுக்குள்ள."

ஒன்றுக்குப் பல என்பதைக் காட்ட, கோட்டின் முனையை மூன்றாகப் பிரித்து வரைவோம். சார் அதைக் காக்காய்க் கால் என்பார். சுகந்தி அவசரமாக நேர்த்தியிலிருந்து ஒரு காக்காய்க் கால் இழுத்தாள். நான் தடுத்தேன். ஒரே ஆள் தன் காவடியும் எடுப்பான், மனைவியோடு தொட்டிலும் தூக்குவான். இரண்டு பக்கமும் பல. இடையில் இன்னொரு சின்னப் பெட்டி வேண்டும், யார் எந்த நேர்த்தியில் தோள் கொடுத்தார்கள் என்று எழுத. அவள் பென்சிலை என்னிடம் கொடுத்தாள். நான் பெட்டியை வரைந்தேன். "அதுல ஒரு இடம் கூட விடுங்க மாமி. முன் முனையா, பின் முனையான்னு எழுத" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. உடனே மறுபடி ஒரு சுருக்கென்ற வலி. இந்த முறை அதை முகத்தில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள்.

மாணிக்கம் அண்ணன் திரும்பி வந்து, "யாரு போட்டது இது?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. பொறாமை இருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் இந்தத் தாள் முழுவதும் பொய்யாகிவிடும். செமினியில் அவள் உனக்குச் சோறு போடும்போது இருக்கும், நான் படிக்காத புத்தகத்தை அவள் படிக்கும்போது இருக்கும். ஆனால் என் எதிரில் உட்கார்ந்து என்மேல் பொறாமைப்படுகிற ஒருத்தி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் நான் அம்மா, அக்கா, ஆன்டி. அவளுக்கு நான் முதல் பெஞ்ச். அவளை நீ கொண்டு வராவிட்டால் நானே கொண்டு வருவேன். சனிக்கிழமை கையெழுத்துப் போடு. மனசாரச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. நீ அவளைவிட உயரம், உன் அப்பாவைப் போலவே. எதைத் தூக்கினாலும் பின்னாலிருந்து அவள் கத்துவது உனக்குக் கேட்காது. அடிக்கடி திரும்பிப் பார். குனிந்து நட.

வாசல் விளக்கைக் காவல்கார அங்கிள் அணைத்துவிட்டார், "முடிஞ்சிச்சாம்மா? பூட்டணும்" என்கிறார். கீழே உன் மோட்டார் வந்து நின்ற சத்தம் கேட்கிறது, படிக்கட்டில் உனக்காகக் காத்திருந்த அவள் சிரிப்பும் கேட்கிறது. உன்னிடம் தொட்டில் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நிச்சயமாகத் தான் கண்டுபிடித்த மாதிரி. இறங்கி வந்து திருத்துகிறேன். எதிர்க்கடை போர்டு வெளிச்சத்தில் இந்த வரியை எழுதுகிறேன். வகுப்பு விளக்கையும் அணைத்துவிட்டார்.